செவ்வாய்க்குப் போன குக்கர் மூடி

மார்ச் 2, சனி

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்கு ஒரு பொறுப்பு வந்திருப்பதுதான் காரணம்.

சித்தப்பா எங்களோடுதான் இருக்கிறார். வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். ஒரு படம் எடுத்திருக்கிறார், 'செவ்வாயிலிருந்து வாடகைக்கு' என்று பெயர். செவ்வாய்க் கிரகத்திலிருந்து ஒருவர் வந்து வாடகைக்கு வீடு தேடுகிறார். கல்யாணம் ஆகாதவர் என்பதால் யாருமே கொடுப்பதில்லை. செவ்வாய்க்காரராகச் சித்தப்பாவே முகத்தில் அலுமினியத் தாளை ஒட்டிக்கொண்டு நடித்திருக்கிறார். நூலகத்து மாடி அரங்கில் சனிக்கிழமைதோறும் காட்டுகிறார்கள். வெளியே வருகிறவர்களிடம் கருத்துக் கேட்டு எழுதுவது என் வேலை. "சர்க்கரை போடாம எழுது," என்று சொல்லியிருக்கிறார்.

இன்றைய கருத்துகள்:

கைத்தடி வைத்திருந்த பெரியவர்: "செவ்வாயிலிருந்துன்னா, திங்கள் வரைக்கும் அங்க யாரு குடியிருந்தா?" அது கிழமை இல்லை, கிரகம் என்று விளக்கினேன். "அப்படியா? அப்ப இன்னொரு தடவை பாக்கணும்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஒரு கல்லூரி அண்ணன்: "விண்கலத்துக் கதவு எங்க வீட்டு வாஷிங் மெஷின் மாதிரியே இருக்கு." எங்கள் வீட்டுடையது. நான் சொல்லவில்லை.

கைக்குழந்தையோடு வந்த அக்கா: "தூங்கிட்டேன்மா. ஆனா நல்ல தூக்கம்."

எல்லோரும் தவறாமல் கேட்டது: "அந்த வீட்டுக்கார அம்மா யாரு?"

இங்கேதான் சிக்கல். அந்த வீட்டுக்கார அம்மா என் அம்மா. தான் படத்தில் இருப்பது அம்மாவுக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். போன வருடம் ஒருநாள் சித்தப்பா அலுமினிய முகத்தோடு சமையலறையில் நின்று, குக்கர் மூடியை விண்கலத்து ஆன்டெனாவாகத் திருகிக்கொண்டிருந்தார். அலமாரியில் போன் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மருந்துக்கடை வேலை முடிந்து வந்தாள். போனைக் கவனிக்கவில்லை, மூடியைக் கவனித்தாள்.

"மூஞ்சில பேப்பரை ஒட்டிக்கிட்டா வேற ஆளாயிடுவியா? உள்ள இருக்குறது நீதானே? நீ செவ்வாய்க்குப் போ, புதனுக்குப் போ, வியாழன் வெள்ளி சனின்னு வாரம் பூரா சுத்து. என் குக்கர் மூடி மட்டும் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது."

சித்தப்பா அதை அப்படியே படத்தில் சேர்த்துவிட்டார். சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு மாலை வரை வேலை, அதனால் இன்னும் படம் பார்க்கவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

கருத்துகளைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "என் நடிப்பைப் பத்தி?" என்றார். ஒன்றுதான் இருந்தது. 'செவ்வாய்க்காரருக்கு வாய் அசைகிறது, முகம் அசையவில்லை.'

"அது பேப்பர் பண்ற வேலை," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணிகிட்ட சொல்லிடலாமா?" என்றார்.

"சொல்லுங்க."

"நீ சொல்லேன்."

இருவரும் சொல்லவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

சித்தப்பா குக்கர் மூடிக் காட்சியை மட்டும் வெட்டி இணையத்தில் போட்டிருக்கிறார். கீழே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். 'ரசிகன்' என்றொருவர் மட்டும், 'செவ்வாய் கிறகத்துக்காரரின் நடிப்பு உலகத் தரம்' என்கிறார். கிரகத்தைக் கிறகம் என்று எழுதுபவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அடுத்த அறையில் இருக்கிறார்.

மார்ச் 7, வியாழன்

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

மருந்துக்கடையில் ஒருவர் இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு, "மேடம், ஒரே ஒரு தடவை அந்தக் குக்கர் மூடி..." என்று இழுத்திருக்கிறார். அம்மா பாத்திரக் கடைக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறாள். அடுத்து வந்தவர் போனிலேயே காட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்தாள். கத்தவில்லை. சித்தப்பாவைப் பார்த்து, "வாங்க. உக்காருங்க. சாப்பிட்டீங்களா?" என்றாள். அம்மா சித்தப்பாவுக்கு 'ங்க' போட்டு நான் கேட்டதே இல்லை. அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார்.

"அன்னைக்குப் பூரா நின்னுக்கிட்டே வேலை பாத்துட்டு வந்தேன். தலை எப்படி இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது. புடவையில மருந்து கொட்டியிருந்துச்சு. என் வீட்டு அடுப்படின்னு நெனச்சுதான் பேசினேன். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றேன்.

அதற்கு மேல் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருக்கலாம்ல? எல்லாத்தையும் எழுதி எழுதி வைக்கத் தெரிஞ்சுது, பக்கத்துல போய் ஒரு வார்த்தை சொல்லத் தெரியல — யாரும் கேக்கலன்னா சொல்ல வேண்டாம்னு யாரு சொன்னா? நானேதான் சொல்லிக்கிட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

சித்தப்பா படத்திலிருந்து அந்தக் காட்சியை எடுத்துவிட்டார். இணையத்திலிருந்தும் எடுத்துவிட்டார். முணுமுணுக்கவில்லை. வந்து சொன்னபோது அம்மா, "சந்தோஷங்க," என்றாள். சந்தோஷமாக இல்லை.

மார்ச் 9, சனி

குக்கர் மூடி இல்லாத முதல் காட்சி. கருத்துகள்:

"குக்கர் எங்க?"

"ஏம்மா, குக்கர் மூடி எங்க?"

பேருந்து நடத்துநர் ஒருவர், மாமியாரைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் முறையாக வந்திருந்தார். மாமியார் சொன்னது: "யாரோ நல்லா திட்டுவாங்க, வந்து பாருங்கன்னு கூட்டிட்டு வந்தாரு. எங்க திட்டினாங்க? இதுக்கு நான் வீட்லயே இருந்து இவரைத் திட்டியிருப்பேன்."

நடத்துநர் சொன்னது: "படத்துல அது ஒண்ணுதான் நெஜமா இருந்துச்சு." இதைச் சித்தப்பாவிடம் வாசிக்க மனம் வரவில்லை. வாசித்தேன்.

பாதியில் எழுந்து போனவர்கள் எதிரே வந்தவர்களையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த சனிக்கிழமையும் இப்படியே ஆனால் அரங்கைச் சதுரங்க வகுப்புக்குக் கொடுத்துவிடப் போவதாக நூலகர் சொல்லிவிட்டார். சித்தப்பா தலையாட்டினார். வரும் வழியெல்லாம் சதுரங்கம் நல்ல விளையாட்டு என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மார்ச் 12, செவ்வாய்

புதிய திட்டம். வீட்டுக்காரர் வேடத்தில் அப்பா.

அப்பா வங்கியில் கணக்குப் பார்ப்பவர். கூடத்தில் ஒத்திகை நடந்தது. "நீ செவ்வாய்க்குப் போ. புதனுக்குப் போ. வியாழன். வெள்ளி. சனி," என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். விடுமுறை நாட்களை அறிவிப்பது போல இருந்தது.

"கோவமா, அண்ணே."

"கோவமாத்தான்டா சொல்றேன்."

மறுபடி சொன்னார். அதற்கும் மறுபடி. சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

"'வாரம் பூரா சுத்து'ன்னதும் ஒரு மூச்சு விடணும். அதுக்கப்புறம்தான் மூடி வரணும்." அம்மாவின் குரல்.

அப்பா மூச்சு விட்டுச் சொன்னார்.

"மூச்சு விடச் சொன்னேன். பெருமூச்சு விடச் சொல்லல."

அடுத்த முறை அம்மா கையைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்துவிட்டாள். "தள்ளுங்க," என்று அப்பாவை நகர்த்திவிட்டுத் தானே சொன்னாள். முழுவதும். அப்பா சிரித்துவிட்டார், நானும் சிரித்துவிட்டேன். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவசரமாகப் போனை எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்து, இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டார்.

அம்மா அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

மார்ச் 13, புதன்

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள். "உண்மையைச் சொல்லு. படம் பாக்க வந்தவங்க என்னைப் பாத்துச் சிரிச்சாங்களா, நான் சொன்னதுக்குச் சிரிச்சாங்களா?"

சொன்னதற்குத்தான் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் எனக்கு எப்படித் தெரியும்?

"தெரியலம்மா. நான் கதவுக்கு வெளிய நின்னேன். சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு."

அம்மா ஒரு தட்டைத் துடைத்து முடித்து, அதையே மறுபடி துடைத்தாள். "அப்ப நானே பாத்துக்கிறேன். அந்தத் துண்டை மறுபடி ஒட்டச் சொல்லு. ஒரு தடவைக்கு."

கூடத்தில் போய்ச் சொன்னேன். சித்தப்பா, "அண்ணிக்குப் பிடிக்கலன்னா அன்னைக்கே அழிச்சிடுறேன்னு சொல்லு," என்றார்.

சமையலறையில் போய்ச் சொன்னேன். அம்மா, "அழிக்கிறதா வைக்கிறதான்னு நான் சொல்லுவேன்னு சொல்லு," என்றாள்.

கூடத்தில் போய்ச் சொன்னேன். எல்லாம் ஏற்கெனவே காதில் விழுந்திருக்கும். எங்கள் வீடு அவ்வளவு பெரியது இல்லை.

மார்ச் 14, வியாழன்

அரங்குக் கதவில் சித்தப்பா புதுத் தாள் ஒட்டியிருக்கிறார். 'குக்கர் மூடி இந்த வாரம் உண்டு. அதற்குப் பிறகு அண்ணியின் விருப்பம்.' எழுத்துப் பிழை இல்லை. கிரகம் என்ற சொல் வராததால் தப்பித்தது.

மார்ச் 16, சனி

இதை அரங்குக்கு உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று நான் வெளியே நிற்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அம்மா அரைநாள் விடுப்பு. தலையை அழுத்திச் சீவி, இஸ்திரி போட்ட புடவை கட்டி வந்திருக்கிறாள். ஒருவருக்கும் அடையாளம் தெரியக் கூடாதாம். படிக்கட்டில், "வழியில நின்னா மத்தவங்க எப்படிப்பா மேல போறது?" என்று ஒருவரைக் கேட்டாள். அவர் உடனே ஒதுங்கி, பக்கத்தில் இருந்தவரிடம், "அவங்கதான்," என்றார்.

கூட்டம் இருக்கிறது. சிலர் சுவரோரம் நிற்கிறார்கள். நூலகர் கீழே போய் நாற்காலி எடுத்து வருகிறார். சித்தப்பா கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கிறார். உட்காரச் சொன்னால், கால் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்.

அம்மாவுக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் நடத்துநரின் மாமியார். அம்மாவை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாம் முறை கேட்டேவிட்டார்.

"அந்தத் திட்டு, நீங்களா அது?"

அம்மா பைக்குள் எதையோ தேடினாள். கிடைக்கவில்லை போலிருக்கிறது. பையை மூடி மடியில் வைத்தாள்.

"ஆமா."

"மருமகன் சொல்லிக்கிட்டே இருக்காரு. போன வாரம் வந்து ஏமாந்துட்டேன்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் அவர் பக்கமாகச் சாய்ந்தாள்.

"முதல் அரை மணி நேரம் ஒண்ணும் இருக்காதாம். தூங்கிடாதீங்க. அதுக்கப்புறம் நான் வருவேன்."

விளக்கை அணைத்துவிட்டார்கள்.