போனஸ் போனால் போகட்டும்

பம்பாய்
18.2.1997

ஸ்டெல்லாவின் அப்பாவுக்குத் தோத்திரம். கர்த்தர் கிருபையில் நான் சுகம். உங்களுக்குச் சுகமில்லை என்று பக்கத்து வீட்டு ஜெயபாய் எழுதிவிட்டாள். இனி மறைக்க வேண்டாம்.

குடலிறக்கத்துக்கு உடனே ஆபரேசன் செய்யவேண்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சொல்லியும், "ஏட்டி ஜெயபாய், இப்ப ஆஸ்பத்திரியில படுத்தா இன்சூரன்ஸ் போனஸ் போயிருமே" என்றீர்களாமே. குனிந்து செருப்புக்கூட மாட்ட முடியவில்லையாம்.

அது மில்லில் தீபாவளிக்குக் கையில் தருகிற போனஸ் இல்லை. நான் சமைக்கிற வீட்டு சாரிடம் கேட்டேன். க்ளெய்ம் போடாத ஒவ்வொரு வருசத்துக்கும், ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தருகிற தொகையைக் கொஞ்சம் கூட்டுவார்களாம். நமக்கு ஐம்பதாயிரமாக இருந்தது நாலு வருசத்தில் அறுபதாயிரம் ஆகியிருக்கிறது. அம்புட்டுதான். ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அந்தக் காசு. படுக்காதவருக்குச் சல்லி கிடையாது.

இன்சூரன்ஸ் ஏஜெண்டான உங்கள் தம்பி நமக்குப் பாலிசி போட வந்தபோது, "க்ளெய்ம் போடாட்டி போனஸ் உண்டு மதினி" என்று அதோடு வாயை மூடிக்கொண்டார். நம் கல்யாணப் பந்தியில் என் அய்யாவைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்டவர்தானே அவர். முப்பத்தாறு வருசமானாலும் மறப்பேனா?

இரண்டு தடவை நம் தெரு மாவு மில்லுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிடச் சொன்னேன். நீங்கள் பேச வரவில்லை. உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்து நிற்கிறேன். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், கடிதம் கண்ட அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேருங்கள். என் பச்சைப் போர்வையை எடுத்துப் போங்கள். சேர்ந்ததும் தந்தி அடியுங்கள். "போனஸ் போச்சு" என்று இரண்டு வார்த்தை போதும், எனக்கு உயிர் வந்துவிடும்.

பரிபூரணம்