டிரெய்லர் மேல் போட்ட பழி

இன்று காலை புதிய ஒட்டுப்பட்டையைப் பிரித்தேன். அந்தப் பசை வாடை மூக்கில் ஏறியதும் உன்மேல் கோபம் வந்தது. நான் அழுவேன் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டோல்கேட் பக்கத்தில் கிடங்குக்கு மேலே நம் ஆய்வறை. வருபவரைப் படுக்கவைத்து, நெஞ்சில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கருவியை ஒட்டுப்பட்டையால் ஒட்டுவோம். இதயத்தின் வால்வு திறந்தாலும் மூடினாலும் நெஞ்சு லேசாக அதிரும். ஈசிஜியில் துடிப்பு தொடங்கி எவ்வளவு நேரத்தில் வால்வு திறக்கிறது என்பதை அந்த அதிர்வு காட்டிக்கொடுக்கும்; இதயம் பலவீனமானால் அது தாமதமாகும். கீழே சாலையில் துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி போனால் கட்டிலோடு சேர்ந்து திரையில் கோடும் ஆடும். "லாரி இஷ்டத்துக்கு ஆட்டும்மே, நெஞ்சு தாளம் தப்பாம ஆட்டும். ரெண்டையும் போட்டுக் கொயப்பிக்காத" என்பாய். நீயேதான் சொன்னாய்.

கருவியைச் சோதிக்க ஒருநாள் நீயே படுத்தாய். ஒவ்வொரு துடிப்பிலும் வால்வு தாமதமாகத் திறந்தது. எல்லாவற்றிலும் ஒரே அளவு தாமதம். திரையை உன் பக்கம் திருப்பினேன்.

"கீய டிரெய்லர் போச்சு, அதான் அப்டி கீது."

"டிரெய்லர் உன் நாடியப் பாத்தா ஆட்டும்? மறுபடி படு."

தெரு காலியாக இருந்தபோது மறுபடி எடுத்தோம். கோடு மாறவில்லை. மாடியேறினாலே உனக்கு மூச்சு வாங்குவதையும் சொன்னேன். "மாதா கோயில் திருவிழா முடிஞ்சி கொடி எறங்கட்டும், டாக்டராண்ட போறேன். சும்மா பேஜார் பண்ணாத" என்று சட்டையை மாட்டிக்கொண்டாய். முன்பு அதே மாதிரிக் கோடு வந்த எர்ணாவூர் பெரியவரை, கோடு வந்த அன்று மதியமே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவனும் நீதான். அவர் நன்றாக இருக்கிறார். வரும்போதெல்லாம் உன்னை விசாரிக்கிறார்.

கொடி இறங்கும்வரை நீ இருக்கவில்லை.

அடக்கம் முடிந்து உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி ஸ்டெல்லா என்னைச் சமையல்கட்டுக்கு அழைத்துப்போய், "மிஷின்ல முன்னாடியே தெரிஞ்சிதாக்கா? அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கட்டிக்கொண்டவளுக்கு நீ வைத்துவிட்டுப் போன கேள்வி அது. தெரிந்தும் சும்மா இருந்தான் என்று எந்த வாயால் சொல்வேன்?

"இல்லம்மா. கீய டிரெய்லர் போச்சு. கோடு ஆடிட்சு, ஒண்ணும் தெரியல" என்றேன்.

அவள் நம்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு டீ போட்டாள். உன் பொய்யை இப்போது நான் கட்டிக் காக்கிறேன். அவள் இருக்கும்வரை காக்க வேண்டும். அதற்காக உன்னை மன்னிப்பதாக இல்லை.