கண் ஆடிய நடுவர்

ஜூலை 7, ஞாயிறு
கிளாத்தென் ஊரில் புறா கூவும் போட்டி. இரண்டு வரிசைக் கம்பங்கள், உச்சியில் கூண்டுகள், நடுவே கொடிகளோடு நான். நன்றாகக் கூவும் புறாவின் கம்பத்தடியில் கொடி நடுவேன். பதினெட்டு வருடமாக இதுதான் என் ஞாயிறு. இன்று சுகிமான் என்பவரின் புறாவுக்கு ஒரு கொடியும் இல்லை. எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார்: "நடுவரய்யா, யாரப் பாத்துக் கண்ணடிக்கிறீங்க? எங்களுக்குத் தெரியாதுன்னு நெனப்பா?"
கண்ணடித்தேனாம். ஐம்பத்தெட்டு வயதில்.

ஜூலை 8
மனைவி ருமினி போனில் படம் பிடித்துக் காட்டினாள். விழிகள் மெல்ல வலப்பக்கம் நகர்கின்றன, வெடுக்கென்று இடப்பக்கம் திரும்புகின்றன. திரும்பத் திரும்ப. இப்படி ஒரு ஆளை நானே நம்பமாட்டேன்.

ஜூலை 10
சங்கச் செயலாளர் ஹெண்ட்ரோவிடம் கேட்டேன் – புறா கூவுவதைக் கேட்கக் கண் எதற்கு, காது போதாதா? "டாக்டர் சீட்டோட வாங்க, அப்பறம் கொடியத் தொடலாம்" என்றார்.

ஜூலை 16
கண் டாக்டர் அம்மா: "கண்ணுல பழுதில்லைங்க. விழி இப்படித் தானா ஓட எத்தனையோ காரணம். பொறவியிலயே இருக்கலாம், மாத்திரையால வரலாம், மூளையால வரலாம். உங்களுக்குக் காதப் பாக்கணும்."
என் காதையா? சிரித்துவிட்டேன்.

ஜூலை 22
வலது காதுச் சோதனையில் இயந்திரம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை, எனக்குத்தான் கேட்கவில்லை. விழியை நிலையாகப் பிடித்திருப்பதில் காதின் நரம்புக்கும் பங்கு உண்டாம். வலப்பக்க நரம்பில் சிறு கட்டி. உயிருக்கு ஆபத்தில்லை. கேட்கும் திறன் குறையத் தொடங்கி இரண்டு வருடமாவது இருக்குமாம்.
இரண்டு வருடம்! எத்தனை போட்டி?

ஜூலை 23
பழைய முடிவுத் தாள்களைப் பரப்பினேன். வென்றவை பெரும்பாலும் என் இடப்பக்கக் கம்பங்கள். சுகிமான் கலந்துகொண்ட மூன்று முறையும் அவர் கம்பம் வலப்பக்கம். அவமானமாக இருக்கிறது. நான் யாருக்கும் கண்ணடிக்கவில்லை, ஆனாலும் அந்த ஆள் சொன்னது சரி.

ஜூலை 28, ஞாயிறு
எனக்குப் பிரிவுபசாரம். "கண் கோளாறால் ஓய்வு" என்று அறிவித்தார்கள். காது விஷயத்தைச் சொல்லப் போனபோது ஹெண்ட்ரோ கையைப் பிடித்துக்கொண்டார்: "வேணாங்கய்யா, குடுத்த கோப்பையெல்லாம் திருப்பணும்." எனக்குத் தந்த கேடயத்தில் 'தங்கச் செவி' என்று பொறித்திருக்கிறது.

ஜூலை 29
சுகிமான் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். காலிக் கூண்டைக் காட்டினார். பிறகு, "போன வாரம் அத வித்துட்டேன்யா. அதுக்குக் கூவத் தெரியலன்னு நீங்கதான சொன்னீங்க" என்றார்.
எப்படிக் கூவும் என்று கேட்டேன். எழுந்து என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்து, கூவிக் காட்டினார்.