பூண்டு ஸ்டாப்பிங்

இன்று ரசத்துக்குப் பூண்டு உரித்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் வாசனை போகவில்லை. அந்த வாசனையோடே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் எதிரில் உன்னை நீங்க என்பேன், வீட்டில் நீ என்பேன். இது வீட்டுப் பேச்சு. நான் படித்தது ஐந்தாவதுதான். பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

நம் பூண்டை இடித்துவிட்டார்கள்.

வெள்ளத்தில் முடிச்சூரே மூழ்கி, வடிந்து, நாமெல்லாம் மறுபடி அடுப்பு மூட்டிய பிறகு, அதன் நினைவாக ரோட்டு முனையில் ஒரு சிலை வேண்டும் என்று யாருக்கோ தோன்றியது. இடத்துக்காக, என் பூக்கடைக்கு நிழல் தந்த புங்கமரத்தை வெட்டினார்கள். திறப்பு விழா அன்று துணியை இழுத்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடியில் உருண்டை, மேலே கூம்பு, உடம்பெல்லாம் வரிவரியாக மேடும் பள்ளமும், சாம்பல் நிறம். இது ஒரு நீர்த்துளி என்று மைக்கில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். உன் ஷேர் ஆட்டோவில் சாய்ந்து நின்றிருந்த நீ குரல் கொடுத்தாய்.

"துளியா? பூண்டு மாதிரி கீது சார்! அடுத்து மொளகு வைங்க, ரசம் வெச்சுடலாம்."

மேடையில் இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் தாம்பரத்திலிருந்து சவாரி ஏற்றி வந்த நீ, முனையில் வண்டியை நிறுத்தி, "பூண்டு யாருப்பா, பூண்டு! இறங்கு" என்று கத்தினாய். இரண்டு பேர் இறங்கினார்கள். அவ்வளவுதான், அந்த இடத்துக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. மற்ற டிரைவர்களும் அப்படியே கத்தினார்கள். பார்சல் கொண்டு வருபவன் போனில் கேட்டான், "பூண்டுலேர்ந்து லெஃப்டா ரைட்டா?" ஒரு கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி போட்டிருந்தார்கள், பூண்டு ஸ்டாப்பிங் அருகில் என்று. அதை நீ வண்டிக்குள் ஒட்டி வைத்து ஏறுகிறவர்களுக்கெல்லாம் காட்டினாய்.

எனக்கு அந்தச் சிலை ஆகவே ஆகாது. மரம் போன வயிற்றெரிச்சல். பத்து மணிக்கே மல்லி வாடும், ஈரத்துணி போட்டு மூடினாலும் நிற்காது. உச்சி வெயிலில் அந்தச் சிமெண்டுக்குக் காலடி அளவுகூட நிழல் கிடையாது. ஆட்டோவுக்கு நிற்கிறவர்கள் முந்தானையையும் பையையும் தலையில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். தினம் அதைத் திட்டிக்கொண்டுதான் பூக் கட்டுவேன். நீ அதற்கு வக்காலத்து வாங்குவாய்.

"அழகா இருந்தா ஒரு தபா பாத்துட்டுப் பூடுவான்மே. இது அசிங்கமா கீது, அதான் தெனமும் எதனா பேசிக்கினு போறான்."

"பேசினா நெழல் வருமாய்யா?"

மறுநாள் ஒரு பெரிய குடை வாங்கி வந்து, சிலையைச் சுற்றியிருந்த கம்பியில் கட்டினாய். "பூண்டும் பாவம். அதுக்கும் சேத்துப் புடி" என்றாய்.

நீ கண்ணை மூடிய பிறகும் தினமும் காலையிலிருந்து அந்தக் கத்தல் கேட்டுக்கொண்டே இருக்கும். யார் யாரோ டிரைவர்கள், முகம்கூடத் தெரியாது. ஆனால் கத்துவது உன் வார்த்தை. பூ அளக்கும்போது கேட்டால், ஒரு முழம் கேட்டவர்களுக்கு ஒன்றரை போய்விடும்.

அப்படி இருக்கும்போதுதான், சிலையில் விரிசல் விட்டிருக்கிறது, எடுத்துவிட்டு வேறு வைக்கலாம் என்று மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஃபிளாட்டில் இருக்கும் ஒரு சார் எழுந்து, "வர்ற கெஸ்ட் எல்லாம் சிரிக்கிறாங்க. வெள்ளைக் கல்லுல ஒரு அன்னம் வெச்சா ஏரியாவே டீசன்டா இருக்கும்" என்றார். உன் கூட்டாளி, அதே ரூட்டில் வண்டி ஓட்டுகிறவர், துள்ளி எழுந்தார்.

"எங்கண்ணன் வெச்ச பேரு சார். பூண்டு மேல கைய வெக்காதீங்க. தோ அண்ணியே கீறாங்க, கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருக்கட்டும் என்று சொல்லத்தான் எழுந்தேன், சத்தியமாக. நான் சொன்னால் விட்டிருப்பார்கள். ஆனால் வாயைத் திறக்கும்போது, தலையில் பையோடு நிற்கிற சனங்கள்தான் கண்ணில் நின்றார்கள். சவாரி ஏற்றும்போது, "வெயில்ல நிக்க வெச்சுட்டேன், கோச்சுக்காதம்மா" என்று நீ அவர்களிடம் சொல்வதும் ஞாபகம் வந்தது.

"அந்த அன்னம் வெயிலுக்கு றெக்கைய விரிக்குமா சார்? விரிக்கும்னா வைங்க" என்றேன். "இல்லாங்காட்டி பூண்டும் வாணாம், வாத்தும் வாணாம். ஒரு கூரைய போடுங்க. குந்தறதுக்கு ஒரு பெஞ்சு போடுங்க. மரம் ஒண்ணு கடன் நிக்குது, அதையும் நடுங்க."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அன்னம் கேட்டவரும் சிரித்தார். கூரைதான் என்று முடிவாயிற்று. வெளியே வரும்போது உன் கூட்டாளி, "இன்னா அண்ணி, அண்ணன் பேரையே தூக்கிக் குடுத்துட்டியே" என்றார். கொஞ்சம் நடந்துவிட்டு, "ஆனா அண்ணன் பேசின மாதிரியே இருந்துச்சு" என்றார். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

இடித்த அன்று கடை போடவில்லை. மறுநாள் போனால் முனை வெறிச்சென்று இருந்தது. எங்கே நிறுத்துவது, என்னவென்று கத்துவது என்று தெரியாமல் டிரைவர்கள் தடுமாறினார்கள். ஒருவன் வெறும் ஹாரன் மட்டும் அடித்தான். நான் என் காரியத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், வேறென்ன செய்ய.

இப்போது கூரை வந்துவிட்டது. நிழல் நல்ல நிழல், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீ பார்க்க வேண்டும். மூன்று பக்கமும் கம்பி, உச்சியில் ஒரு வளையம், அடிக்கிற பச்சையில் கண் கூசுகிறது. பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தேன், என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"இன்னாப்பா இது, கிளிக்கூண்டா? உள்ள குந்துனா சீட்டு எடுத்துக் குடுக்கணுமா?"

பெஞ்சில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மறந்துவிட்டுப் பூக் கட்ட உட்கார்ந்தேன்.

சாயங்காலம் தாம்பரம் வண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டியவன் வெளியே தலையை நீட்டிக் கத்தினான்.

"கிளிக்கூண்டு யாருப்பா, கிளிக்கூண்டு! இறங்கு."

மூன்று பேர் இறங்கினார்கள். கோவிச்சுக்காதய்யா.