விலக்கப்பட்ட ஓட்டுநர்

மார்ச் 6

மூன்று கிளை நூலகங்களுக்கும் புத்தகப் பெட்டிகளைக் கொண்டுபோய் இறக்கினேன். ஏரிக்கரைக் கிளையில் ஒருவர் துப்பறியும் நாவலைத் திருப்பிக் கொடுத்தார். கொலைகாரன் யாரென்று முதல் பக்கத்திலேயே பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். அதனால்தானோ என்னவோ, அறுத்துப்போட்ட சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் நாற்சந்தியில், 'நில்' பலகை இருந்தும், வண்டியை முழுவதும் நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்தேன், ஆனால் சக்கரம் உருண்டுகொண்டுதான் இருந்தது. தானியக் கிடங்கின் மறைவில் போலீஸ் கார்.

இரவு உணவு முடிந்து, வழக்கம்போல பைபிளில் ஓர் அதிகாரம் வாசித்து முடித்த பிறகு, அப்பா கையை நீட்டினார். போலீஸ் கொடுத்த அபராதச் சீட்டைக் கொடுத்தேன். அதன் பின்பக்கத்தில் மூன்று கட்டங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டலாம். அரசு வழக்கறிஞரைச் சந்தித்துப் பேசலாம். விசாரணை கேட்கலாம். இந்த ஒன்டாரியோ மாகாணத்தில் எல்லோரும் போய்ப் பேசத்தான் செய்கிறார்கள் என்று என் மேலதிகாரி நொரீன் சொன்னதைச் சொன்னேன்.

"நின்னியா?"

"முழுசா நிக்கலப்பா."

"அப்புறம் பேசுறதுக்கு என்ன இருக்கு? செஞ்சவ, செஞ்சேன்னு சொல்லிக் கட்டிட்டுப் போகணும். பேரம் பேசுறதுக்கு இது மாட்டுச்சந்தையா?"

அம்மா சூப் கிண்ணங்களை அடுக்கினாள். அவள் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை.

மார்ச் 7

கட்டிவிட்டேன். பேனாவை அப்பாதான் எடுத்துக் கொடுத்தார்.

மே 17

சிவப்பு விளக்கில் நின்றிருந்தேன். கைபேசி அடித்தது. அப்பா. அவர் கூப்பிட்டால் உடனே எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அன்று இரவு முழுவதும் அந்த மௌனம். எடுத்தேன். "வர்றப்ப வைக்கோல் கட்டுற கயிறு வாங்கிட்டு வா." அவ்வளவுதான். பக்கத்து வரிசையில் நின்ற போலீஸ்காரர் தன் கார்க் கண்ணாடியை இறக்கினார்.

மே 18

இந்த முறை நான் வாதாட நினைத்தேன். சமையலறையில் நின்றபடியே சொன்னேன், உட்காரவில்லை. "நீங்க கூப்பிட்டீங்கப்பா. அதான் எடுத்தேன்."

அவர் காப்பியைக் கலக்கினார். "கூப்பிட்டேன். ஓரமா நிறுத்திட்டு எடுக்கறத நான் தடுத்தேனா?"

"கோர்ட்ல போய்ச் சொல்லிப் பாக்கறேன்."

"என்னன்னு? எங்கப்பன் கூப்பிட்டான், அதனால சட்டத்த மீறுனேன்னா? ஊர் முன்னாடி என்னையும் கூண்டுல ஏத்தப் போறியா, ஃபெம்கா?"

கட்டினேன். உரிமம் மூன்று நாள் நிறுத்தம். அந்த மூன்று நாளும் நொரீன்தான் பெட்டிகளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டாள். இந்த வேலைக்கு இரண்டே நிபந்தனைகள்: படிக்கிற ஆளாக இருக்க வேண்டும், காப்பீட்டோடு கார் வைத்திருக்க வேண்டும். முதலாவதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 22

காப்பீட்டைப் புதுப்பிக்கும் கடிதம் வந்தது. என் கார், அப்பாவின் பிக்கப் இரண்டும் அவர் பெயரில் ஒரே பாலிசியில் இருக்கின்றன. அப்படி வைத்தால் மலிவு. என் சேமிப்பில் வாங்கிய காரைக்கூட அதற்காகத்தான் அவர் பெயரில் பதிந்தோம். போன வருடம் கட்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டிருந்தார்கள்.

அப்பா முகவர் கார்லீனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், நீங்க வண்டி ஓட்டுன பதிவு கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு. பொண்ணு பேர்லதான் ரெண்டு தீர்ப்பு."

"தீர்ப்பா? கோர்ட்டுக்கே போகலயே. அபராதம்தான கட்டுனா?"

"கட்டுனா ஒத்துக்கிட்டதா அர்த்தம் சார். ஒத்துக்கிட்டா அது தீர்ப்பு. அபராதம் எவ்வளவுன்னு கம்பெனிக்காரன் பாக்கவே மாட்டான். தீர்ப்பு இருக்கான்னு மட்டும்தான் பாப்பான். மூணு வருஷம் தலைமேல உக்காந்திருக்கும். அதுலயும் போன் கேஸ் பெரிய குத்தம். முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா, யாரையாச்சும் வெச்சுப் பேசிக் கொறச்சிருக்கலாம்."

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு நொடி, ஒரே நொடி, அவர் முகத்தில் ஏதோ அசைந்தது என்று நினைத்தேன்.

"வீட்ல இருக்கறவங்கள பாலிசில இருந்து எடுக்க வழி இருக்கா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 23

வழி இருக்கிறது. "விலக்கப்பட்ட ஓட்டுநர்" என்று ஒரு படிவம். இந்த ஆள் எங்கள் வண்டி எதையும் தொட மாட்டார் என்று அப்பாவும் நானும் கையெழுத்துப் போட வேண்டும். அதன்பின் நான் ஓட்டி ஏதாவது நடந்தால் காப்பீடு கிடையாது.

எனக்கென்று தனியாகப் பாலிசி எடுக்க முடியுமா என்று நானே கார்லீனிடம் கேட்டேன். அவள் சொன்ன தொகை என் சம்பளத்தில் பாதிக்கு மேல். அதைவிட, அப்பாவின் பாலிசியிலேயே இருந்து, கூடுகிற தொகையை மட்டும் நான் கொடுத்துவிடலாம். அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"காசுக்காக இல்ல," என்றார். "ஹூக்கமாங்கற நம்ம குடும்பப் பேருக்குப் பக்கத்துல இதுவரைக்கும் எந்தத் தீர்ப்பும் வந்ததில்ல. ஒரே காகிதத்துல குத்தவாளியோட என் பேரு இருக்க வேணாம்."

கோபமே இல்லாமல் சொன்னார். நான் படித்த நாவல்களில் கொடுமைக்காரத் தகப்பன்மார் கத்துகிறார்கள், கதவை அறைந்து சாத்துகிறார்கள். இவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பேப்பரில் பால் விலையைப் படிக்க உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 25

கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன்? இருபத்தைந்து வயது எனக்கு.

செப்டம்பர் 2

கார் போய்விட்டது. விற்று வந்த பணத்தை அப்பா உறையில் போட்டு என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

செப்டம்பர் 5

நொரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசினாள். "மூணு கிளையையும் சுத்தி வர்ற வேலைய உன்கிட்டருந்து எடுக்கறதத் தவிர எனக்கு வேற வழியில்லடா. பக்கத்துக் கிளைல வாரத்துக்கு ரெண்டு நாள் தரேன். என் இஷ்டம்னா இப்படிச் செய்வேனா?"

இங்கே பஸ் கிடையாது. ரயில் தண்டவாளத்தையும் பிடுங்கி, நடைபாதையாக்கிவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் அப்பாவே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அன்போடுதான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் 14

அப்பாவை நிறுத்தினார்கள்!

என்னை இறக்கிவிட்டுவிட்டு, ஒரு பண்ணையில் பால் கறக்கும் இயந்திரத்தைச் சரிசெய்யப் போக வேண்டிய அவசரம் அவருக்கு. எண்பதில் போக வேண்டிய சாலை. முள் நூற்றுப் பத்தைத் தாண்டியதைப் பக்கத்து இருக்கையிலிருந்து நானே பார்த்தேன். போலீஸ்காரி சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனதும் அப்பா வெகுநேரம் வண்டியை எடுக்கவில்லை.

"மேடு. இறக்கத்துல வண்டி தானா ஓடும்," என்றார்.

அந்தச் சாலையில் மேடே இல்லை. ஏரி வரைக்கும் தோசைக்கல் மாதிரித் தட்டை.

செப்டம்பர் 16

பேனாவை எடுத்துக் கொடுக்கலாமா என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. இரவு உணவின்போது அம்மாவிடம் சொன்னார், யாரோ ஒரு ஆளை வைத்திருக்கிறாராம், முன்னாள் போலீஸ்காரனாம், இந்த மாதிரி வழக்குகளையே பார்க்கிறவனாம். "வேகம் அளக்கற மிஷின்ல கோளாறு இருக்குமாம். அதையெல்லாம் சரிபாக்க நமக்கு உரிமை இருக்குல்ல?"

அம்மா, என் அம்மா, உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, "இருக்கும், இருக்கும்," என்றாள்.

அக்டோபர் 31

பதிவில் ஏறாத ஏதோ சின்னக் குற்றமாக மாற்றிக் கொடுத்துவிட்டான் அந்த ஆள். தீர்ப்பு இல்லை. பதிவு கண்ணாடி மாதிரியே இருக்கிறது. அப்பா நன்றி ஜெபம் சொன்னார். எதற்கு என்று விளக்கவில்லை. நான் ஆமென் சொல்லவில்லை. கவனித்தார்.

நவம்பர் 20

அப்பா கொட்டிலில் மயங்கி விழுந்தார். கை கால் இழுத்ததாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார், பேச்சு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் வலிப்பு என்றால் மருத்துவர் அரசுக்கு எழுதியே ஆக வேண்டும். உரிமம் நிறுத்தம். எப்போது திரும்பக் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளக் கேட்டபோது அவர் விடவில்லை.

நவம்பர் 25

பிக்கப் சாவி என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. உறை வைத்த அதே இடத்தில்.

"நாளைக்கு சர்ச்சுக்கு நீ ஓட்டு."

"நான் பாலிசில இல்லப்பா."

"ஆறு கிலோமீட்டர்தான. ஞாயித்துக்கிழமை காலைல யாரு நிறுத்தப் போறா?"

"கார்லீனக் கூப்பிட்டு என் பேரத் திரும்பச் சேருங்க. அப்பவே ஓட்டறேன். நாளைக்கு மட்டுமில்ல, எல்லா நாளும். எனக்கு என் வேலையும் திரும்பக் கிடைக்கும்."

அவர் சாவியை என் பக்கம் நகர்த்தினார். நான் தொடர்ந்தேன். "கையெழுத்துப் போட்டிருக்கேன்ப்பா. போட்டத மீறச் சொல்றீங்களா?"

அம்மா, "அடியே," என்று ஆரம்பித்தாள். அவர் கையை உயர்த்தினார், அவள் நிறுத்தினாள். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நவம்பர் 26

நடந்து போனார்கள்.

டிசம்பர் 4

கார்லீனின் எண் ஃப்ரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. பால் எடுக்கும்போதெல்லாம் அவர் அதைப் பார்க்கிறார்.

டிசம்பர் 10

இரவெல்லாம் பனி. சாலை ஓரத்தில் அள்ளிக் குவித்தது முழங்கால் உயரம் இருந்தது. நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, பிரசங்கத்தின்போது சப்புகிற பெப்பர்மின்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். அவர்கள் பக்கத்தில் இரண்டு கார்கள் நின்றதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். இரண்டையும் கையாட்டி அனுப்பிவிட்டார். என் மடியில் புத்தகம் திறந்திருந்தது. இதை எழுதும்போதும் எந்தப் பக்கம் என்று நினைவில்லை.

மதியம் திரும்பியபோது அவர் கால்சட்டை தொடைவரை நனைந்திருந்தது. ஒரு பக்கக் கன்னத்தில் சிராய்ப்பு. நேராக மாடிப்படி ஏறிப் போனார்.

அம்மா பூட்ஸைக் கழற்ற முடியாமல் உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து கழற்றிவிட்டேன்.

"தபால் பெட்டிகிட்ட விழுந்துட்டாருடி," என்றாள். "என்னால தூக்க முடியல. ரொம்ப நேரம் பனிலயே கெடந்தாரு. உன் ஜன்னல்லேருந்து தெரியுமே. நீ பாத்தியா?"

பார்த்தேன் என்றேன்.