தக்காளி லாரிக்கு நிழல்

பாப்பாரப்பட்டி,
12-3-84

அன்பு மகன் அர்ச்சுனனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை ராஜாமணி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் ஆடுகளும் சுகமாக இருக்கிறோம். உன் இருமல் நின்றுவிட்டது என்று கடிதத்தில் படித்த பிறகுதான் எனக்கு மனம் ஆறியது. பெங்களூரில் நீ நட்ட கன்றுகளை ஆடு மேய்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய், ஆடு வளர்க்கிற வீட்டில் பிறந்துவிட்டு இதற்குப் போய்க் கவலைப்படலாமா, சாணியைக் கரைத்து இலைமேல் தெளித்துவிடு, மோந்துகூடப் பார்க்காது. கன்றைச் சுற்றி வைக்கிற மூங்கில் கூண்டை விறகுக்குத் திருடுகிற மனுஷருக்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

இப்போது முக்கியமான சேதி. மாரண்டஹள்ளியில் தக்காளி வியாபாரம் செய்கிற குப்புராஜ் வீட்டுக்கு உனக்குப் பெண் கேட்டு நேற்றுப் போய் வந்தோம். பெண் மாதம்மாள், எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று குப்புராஜ் கேட்டார், ரோட்டோரம் மரம் நடுகிற வேலை என்று உன் அப்பா சொன்னதும், இதுக்குப் போயி பெங்களூரா, நம்மூர்ல இத காக்காயே செய்யுதுங்களே என்று சிரித்தார். அப்பா காப்பியைத் தொடாமல் துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. ஏனுங்கண்ணா, பெங்களூர் மார்க்கெட்டுல தக்காளி லாரிய எங்க நிறுத்துவீங்க என்று கேட்டேன். மரத்தடியிலதான், வெயில்ல நின்னா பாதிச் சரக்கு அழுகிப்போயிடும் என்றார். அந்த மரத்த எந்தக் காக்கா நட்டுச்சுங்க என்றேன். பிறகு நீ எழுதியதையெல்லாம் சொன்னேன், மகாராஜா காலத்திலும் வெள்ளைக்காரன் காலத்திலும் நட்ட தூங்குமூஞ்சி மரங்கள், பஸ்ஸும் லாரியும் பெருகியதும் ரோட்டை அகலமாக்க வெட்டினது, ஊர் வெயிலில் காய்வதைப் பார்த்து இப்போது மறுபடி நடுவது எல்லாம். ஆமாம்மா, நான் நிறுத்துற இடத்துலயே ரெண்ட வெட்டிட்டாங்க, இப்ப முந்துனவனுக்குத்தான் நெழலு என்று அவரே ஒத்துக்கொண்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து, அதுக்குத்தான் கோழி கூவறதுக்கு முன்னயே எழுந்து எங்க தூக்கத்தையும் கெடுக்கறாரு, அந்தப் பையன் சீக்கிரமா நட்டு முடிக்கட்டும் என்றதும் வீடே சிரித்தது. உன் அப்பாவும் ஆறிப்போன காப்பியைக் குடித்தார்.

குப்புராஜ் அண்ணன் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சரக்கை இறக்கிவிட்டு உன்னைப் பார்க்க வருவார். அவருக்குப் பிடித்தால் பெண்ணுக்குப் பூ வைத்துவிடலாம். பழைய மரங்களைக் காட்டிப் பெருமை அடிக்காதே, முழங்கால் உயரம்தான் என்றாலும் நீ நட்டதைக் காட்டு. அன்றைக்காவது சட்டையைத் தேய்த்துப் போடு, தலைக்கு எண்ணெய் வை, மறந்துவிடாதே. முனியப்பன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் காப்பான்.

உன் நல்வாழ்வை வேண்டும்,
அம்மா ராணியம்மாள்

அண்ணா, இது நானாக எழுதுவது, அம்மாவுக்குத் தெரியாது. நான் கை கழுவப் போனபோது மாதம்மாள் அக்கா பின்னாலேயே வந்து, ஒருநாள் தண்ணி ஊத்தலன்னா கன்னு வாடிடுமா என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அப்ப கல்யாணத்தன்னிக்கு ஊத்தறதுக்கு யாரையாச்சும் சொல்லி வெச்சிட்டு வரச் சொல்லு என்றார்.