சின்னவளின் ஊசி

ஏங்க,

பெரியவனுக்குக் கஞ்சியை வடிகட்டி வைத்திருக்கிறேன். தலையைத் தூக்கிப் பிடித்து மெதுவாகக் கொடுங்கள், அவசரப்பட்டால் புரையேறும். தையல் கடைச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன். நேற்றுக் கோபத்தில் ஒளித்து வைத்தது நான்தான்.

இன்றைக்குச் சின்னவளிடம் ஊசியை நீட்டாதீர்கள். விளையாட்டு என்று நீங்கள் சொல்லிக்கொள்ளலாம். அண்ணனுக்கு முதலில் போனது கண்தான் என்று அவளுக்கும் தெரியும். அவள் நூல் கோர்க்கும்வரை நீங்கள் மூச்சு விடாமல் நிற்பதையும் பார்க்கிறாள். நம் இரண்டு பேரிடமிருந்தும் அவனுக்குப் போன வியாதி அவளுக்கும் போயிருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடப் போகிறது. அதுவரை பொறுக்க முடியாதா?

நான் வேலை முடிந்து வரச் சாயங்காலம் ஆகும். மதியம் உங்கள் அக்கா வந்து பெரியவனைப் பார்த்துக்கொள்வார். சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காலையில் சின்னவள் அடுப்படிக்கு வந்து ஊசியையும் நூலையும் என் கையில் வைத்தாள். "நீயே கோர்த்துக் குடும்மா. அப்பா கேட்டா நான் கோர்த்தேன்னு காட்டணும்" என்றாள். கோர்த்துக் கொடுத்தேன். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். அவளே எடுத்துக் காட்டினால், தினமும் போல மூச்சை விட்டுவிட்டு, கெட்டிக்காரி என்று சொல்லுங்கள்.